செளக்கியமும் சௌக்கியமும்

"அக்கா, வெப் பேஜ் செய்றதுக்கு எந்த எடிட்டர்க்கா நல்லது?"

எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே குடியிருக்கும் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி சென்ற டிசம்பர் விடுமுறையில் கேட்டாள். மார்சிலிங் மால் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் ஒரு பக்கம் தே ஹாலியா, மறுபக்கம் அவளுடைய மடிக்கணினி. விஎஸ் கோட், சப்லைம் டெக்ஸ்ட், விம் என்று மூன்று பெயரை அவளே குறித்து வைத்திருந்தாள். எது வேகம், எதில் கறுப்புப் பின்னணி கண்ணுக்கு இதம், எதில் நீட்சிகள் அதிகம் என்று வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள்.

"என்ன பேஜ்மா செய்யப் போறே?" என்று கேட்டேன்.

தாத்தாவின் கடிதங்கள். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பாதியை மாமா பல வருடங்களுக்கு முன்பே கணினியில் தட்டி வைத்திருந்தார். மீதியை அம்மா கைப்பேசியில் தட்டி முடித்தார். மொத்தம் 91 கடிதம். குடும்பத்தார் எங்கிருந்தாலும் திறந்து படிக்க, ஒரு பெயரையோ ஊரையோ தேடிப் பார்க்க, ஓர் இணையப் பக்கம் வேண்டும்.

"அந்த மூணையும் அப்புறம் பார்ப்போம். முதல்ல கடிதத்தையெல்லாம் திறந்து 'சௌக்கிய' வரைக்கும் தட்டித் தேடு" என்றேன். தமிழில் தேடும்போது சொல்லை விகுதிக்கு முன்பே நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். சௌக்கியம், சௌக்கியமா, சௌக்கியத்துக்கு எல்லாம் ஒரே தேடலில் வந்துவிடும்.

38 இடம் என்று வந்தது. அவளுக்கே அது சரியாகப் படவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதம் எதுவும் சௌக்கியம் விசாரிக்காமல் தொடங்குவதில்லையே, 91 கடிதத்தில் 38 முறைதானா? திரையில் கண்ணெதிரே ஒரு சௌக்கியம் நிற்கிறது. தேடல் அதைத் தாண்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறது.

எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தத் தாண்டலில்தான் இருக்கிறது.

கணினி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணைத்தான் அது அறியும். யூனிகோடில் ச-வுக்கு 2970. ஔகாரக் குறிக்கு 3020. அம்மா கைப்பேசியில் தட்டிய 'சௌ' இந்த இரண்டு எண்தான். மாமா தட்டியது 2970, 3014, 2995. அதாவது ச, ஒற்றைக்கொம்பு, ள. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் இரண்டு சொல்லையும் அப்படித்தான் தட்டியிருக்கிறேன். முதல் சொல்லில் இருப்பது ள.

மாமாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய தலைமுறைக்கு அதுதான் முறை. கொம்பு, மெய், ள என்று மூன்று தட்டு. தாளில் விழும் உருவம் சரியாக இருந்தால் போதும், தாள் தேடாது. பழைய கணினி எழுத்துருக்களுக்கும் அந்தக் கை அப்படியே வந்தது. பிறகு அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது, மாற்றிக் கொடுத்த மென்பொருள் ள-வை ள-வாகவே கொண்டுவந்து வைத்தது.

ஆங்கிலத்தில் மட்டும் பக்கம் செய்கிறவருக்கு இப்படி ஒரு கவலையே வராது. அவருக்கு வேகம், நிறம், நீட்சி இவைதான் எடிட்டர். தமிழில் பக்கம் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. என் எழுத்தின் உள்ளே இருப்பதை இந்த எடிட்டர் எனக்குக் காட்டுமா? நான் எழுதியதை எழுதியபடியே வைத்திருக்குமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் இணையப் பக்கம் செய்யும் வேலைக்கு வந்தது 2001-இல். அப்போது படிக்கிறவர் கணினியிலும் அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். பக்கத்தின் மேலே 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி போடுவோம். குறியாக்கம் என்ற இடத்தில் 'எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்' என்று எழுதுவோம். எந்தக் குறியாக்கம் என்று உலாவிக்குச் சொல்ல வழியில்லாததால் 'பயனர் வைத்ததே சட்டம்' என்று சொல்லிவிடுவதுதான் அதன் பொருள். குறியாக்கங்களில் தகுதரம் ஒரு பக்கம், தாப், தாம் இன்னொரு பக்கம், அவரவர் சொந்த எழுத்துரு வேறு.

அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் இந்த ஊர் தமிழுக்குச் செய்தது சிறிதல்ல. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள், அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். தம் மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் கணியன், பூங்குன்றனாரின் பெயர். 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவரும் அவர்தான் என்று இங்கே சொல்வார்கள். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாட்டை முதன்முதலில் இங்கே கூட்டினார். அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது, அதிலிருந்துதான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். மூன்றாவது மாநாடு 2000-இல் மறுபடி சிங்கப்பூரில். உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போது பிறந்தது.

இலக்கியம் எழுதுகிற ஒருவர் எழுத்துருவுக்குள் இறங்கி வேலை செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். தமிழ் எழுத்து கணினியில் எப்படி உட்காருகிறது என்பதைப் பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் விடவில்லை. பக்கம் செய்கிறவர்களாகிய நாமும் விடக் கூடாது.

2003 வாக்கில் யூனிகோடுக்கு மாறினோம். விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு கூடவே வந்ததால் படிக்கிறவர் எதையும் இறக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு, பெயர் வேண்டாம், ஒரு சிறு அலுவலகத்துக்கு 40 பக்கம் தமிழில் தட்டினேன். எடிட்டர் நோட்பேட். அந்தக் காலத்து நோட்பேட் தானாகச் சேமிப்பது ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தில். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. சேமிக்கும்போது, யூனிகோட் எழுத்துகள் போய்விடும் என்று ஒரு சின்னப் பெட்டி எச்சரிக்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினேன். மறுநாள் காலை திறந்தபோது 40 பக்கத்திலும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. வேறு பிரதி இல்லை. திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன், 11 நாள் ஆயிற்று. நோட்பேட் தானாக, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது 2019-இல்தான்.

அந்த 11 நாளில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை இன்று யாருக்கு வேலை கற்றுக்கொடுத்தாலும் முதலில் சொல்கிறேன். தமிழ் கெட்டுத் தெரிவதில் இரண்டு வகை உண்டு. திரையில் கேள்விக்குறிகள் வந்து, கோப்பின் உள்ளேயும் கேள்விக்குறியாகவே இருந்தால் எழுத்து போய்விட்டது, மீட்க முடியாது. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே 'ஏ' என்று மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, எடிட்டர்தான் தவறாகப் படிக்கிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். த என்றால் 224, 174, 164. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய ஐரோப்பியக் குறியாக்கத்தில் 224 அந்தச் சாய்கோட்டு 'ஏ', 174 அந்த வட்ட 'ஆர்'. அதனால்தான் எந்தத் தமிழ்ப் பக்கம் இப்படிக் கெட்டாலும் அதே இரண்டு முகம் தெரிகிறது.

அந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று, அப்படியே சேமித்துவிடுவது. சேமித்தால் அந்த 'ஏ'யும் 'ஆரு'மே உண்மையான எழுத்தாகிவிடும். சேமிக்காமல், யுடிஎஃப்-8 என்று சொல்லி மறுபடி திறக்க வேண்டும். இதற்கு வழி செய்யாத எடிட்டரில் தமிழ் வேலை செய்யவே கூடாது. நோட்பேட்++ இதில் எனக்கு நெடுநாள் துணை. 2003-இலிருந்து டான் ஹோ என்பவர் வளர்த்துவரும் இலவச எடிட்டர் அது. அதன் என்கோடிங் பட்டியலில் இரண்டு விதக் கட்டளை இருக்கும். ஒன்று, இருக்கிற பைட்டுகளை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு படி. மற்றது, இந்த எழுத்துகளை யுடிஎஃப்-8 ஆக மாற்றி எழுது. முதலாவது பார்வையை மாற்றுகிறது, இரண்டாவது கோப்பையே மாற்றுகிறது. இந்த வேறுபாட்டை இவ்வளவு வெளிப்படையாகக் கையில் கொடுத்த எடிட்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விஎஸ் கோடிலும் இது உண்டு. கீழ்ப்பட்டையின் வலது ஓரத்தில் குறியாக்கத்தின் பெயர் நிற்கும், அதை அழுத்தினால் மறுபடி திறக்கவா, மாற்றிச் சேமிக்கவா என்று கேட்கும்.

என் மடிக்கணினியில் ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறேன். 16 வரி. புது எடிட்டர் எது வந்தாலும் முதலில் அதைத்தான் திறப்பேன்.

முதல் வரியில் 'மி' மட்டும். கர்சரை அதன் முன்னால் வைத்து வலது அம்பை ஒரு முறை அழுத்தினால் முழு மி-யையும் தாண்ட வேண்டும். மகரத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் கர்சர் நின்றால், நான் எந்த இடத்தில் திருத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. பின்னழிப்பு விசை அப்படியில்லை. அது கொக்கியை மட்டும் எடுத்து ம-வை விட்டுவைத்தால் எனக்குப் பிடிக்கும். 'மி' என்று தட்டியவர் 'மீ' என்று திருத்த நினைத்தால் மெய்யையும் சேர்த்து மறுபடி தட்ட வேண்டாமே. இரண்டாம் வரியில் கொகரம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் ஒகரக் குறி ஒரே எண், 3018. இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனி, 3014, 3006. இவை இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே சொல்கிறது, ஒருமைப்படுத்தினால் இரண்டாவது முதலாவதாகிவிடும். ஆனால் கொம்பும் ள-வும் அப்படி ஒன்றாகாது. ள ஒரு முழு எழுத்து, அதை யாரும் குறியாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் வரி அதற்காக. நான்காவதில் ஸ்ரீ, அதிலும் இரண்டு வகை. நம் மார்சிலிங் ரைஸில் இருக்கும் ஸ்ரீ சிவ-கிருஷ்ணா ஆலயத்தின் பெயரை ஒருவர் ஸகரத்தில் தொடங்கித் தட்டுவார், இன்னொருவரின் விசைப்பலகை 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைப் போடும். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் வேறு. ஐந்தாவது வரியில் 'க்ஷ' நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். பழைய எழுத்துரு மாற்றிகள் இப்படித் தெரியாத குறிகளை வாரி இறைத்திருக்கின்றன. விஎஸ் கோட் 2021 கடைசியிலிருந்து இவற்றைப் பெட்டி கட்டிக் காட்டுகிறது. நிரலுக்குள் தீங்கான எதையும் ஒளிக்கக் கூடாது என்பதற்காக வந்த வசதி அது, தமிழுக்கு என்று வந்ததல்ல. எனக்கு அதனால் விளைந்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற வரிகளை இங்கே எழுதவில்லை. தமிழ் எண்கள், ஆய்தம், பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்ததால் கொம்பு இடம் மாறிய ஒரு வாக்கியம், 'ஒத்துக்கொள்ளப்படாதவற்றையெல்லாம்' போன்ற நீளச் சொல் இப்படிப் போகும். நான்கு மொழியிலும் அறிவிப்பு வெளியிடும் ஊரில் தமிழ்ப் பகுதி பெரும்பாலும் கடைசியாக, கடைசி நேரத்தில் வந்து சேரும். வேர்டில் வரும், பிடிஎஃபில் வரும், வாட்ஸ்அப்பில் வரும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் அதை வாங்கி ஒட்டுவார். கொம்பு தனியே, மெய் தனியே நின்றாலும் அவருக்குத் தெரியாது. அவர்மேல் தவறில்லை. அவர் கையிலிருக்கும் எடிட்டர் சரியாகக் காட்டியிருந்தால், தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். ஓர் அறிவிப்பில் தமிழ் உடைந்து கிடப்பதைத் தேக்காவில் நின்று பார்க்கும்போது வரும் வலி இங்கே பலருக்கும் தெரியும்.

விம் பற்றி அவள் தனியாகக் கேட்டாள். பிராம் மூலநார் 1991-இல் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அவர் காலமாகும்வரை அதை விடாமல் பேணினார். பிடித்திருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும்தான் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. சர்வருக்குள் நுழைந்து ஒரு வரி திருத்த இன்றும் விம்தான். எழுத்தின் மேல் கர்சரை வைத்து ஜி, ஏ என்று இரண்டு விசை தட்டினால் எண்ணைச் சொல்லும். ஜி, எட்டு என்றால் பைட்டுகளைச் சொல்லும். இவ்வளவு சுருக்கமாக உள்ளே இருப்பதைக் காட்டும் எடிட்டர் வேறில்லை. ஆனால் விம் ஓடும் டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டத்திலோ இரண்டு கட்டத்திலோ அடங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 'ணௌ' அந்தக் கணக்குக்குள் வராது. கொம்பு ஒரு கட்டத்தில், மெய் அடுத்ததன் மேல் ஏறி, கர்சர் வேறெங்கோ நிற்கும். இன்னொன்று, விம் கட்டளைகள் ஆங்கில எழுத்துகள். தமிழ்99 திறந்திருக்கும்போது கீழே இறங்க ஜே அழுத்தினால் எடிட்டருக்குப் போய்ச் சேருவது ஒரு தமிழ் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றி எழுதினால் சிந்தனை அறுந்துபோகும். ஈமாக்ஸ் என்ற எடிட்டர் இதற்கு நல்ல தீர்வு வைத்திருக்கிறது. உள்ளீட்டு முறை எடிட்டருக்குள்ளேயே இருப்பதால் எழுதும்போது தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். ஈமாக்ஸைப் பழகப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக அங்கே போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

விம்மை மட்டும் கொண்டு நீண்ட தமிழ் உரையைத் திருத்தாதீர்கள் என்பது என் முடிவு. ஜிவிம் போன்ற சாளரப் பதிப்பும் அந்தக் கட்டக் கணக்கை விட்டு முழுதாக வெளியே வரவில்லை.

பார்த்தபடியே பக்கம் செய்யும் மென்பொருள்களிலும் நான் சில வருடம் இருந்தேன். ஃப்ரண்ட்பேஜ், பிறகு ட்ரீம்வீவர். திரையில் அழகாக வரும், உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லையும் சுற்றி எழுத்துரு பெயர் எழுதியிருக்கும். எழுத்துரு மாறியபோது ஆயிரக்கணக்கான இடங்களில் கையால் நீக்கினேன். எடிட்டர்கள் போகக் கூடியவை. ஃப்ரண்ட்பேஜ் நின்றுபோனது. பிராக்கெட்ஸை அடோபி 2021-இல் கைவிட்டது. ஆட்டம் 2022 டிசம்பரில் மூடப்பட்டது, அதில் ஆறு வருடப் பழக்கம் எனக்கு. ஒவ்வொரு முறையும் என் பக்கங்களுக்கு எதுவும் ஆகவில்லை. அவை வெறும் எழுத்துக் கோப்புகள், யுடிஎஃப்-8, எந்த எடிட்டரும் திறக்கும். எடிட்டர் தனக்கென்று எதையும் கோப்பில் எழுதி வைக்காமல் இருப்பது அதன் பெரிய குணம்.

அந்த மாலை அவளிடம் நான் விஎஸ் கோட் என்றுதான் சொன்னேன். 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இலவசம், எல்லாரிடமும் இருக்கிறது என்பதற்காக அல்ல. குறியாக்கம் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கிறது. தெரியாத குறிகளைக் காட்டுகிறது. பல உலாவிகள் எந்தப் பொறியால் எழுத்தை வரைகின்றனவோ அதே பொறியால் வரைவதால், எடிட்டரில் தமிழ் எப்படியோ பக்கத்திலும் ஏறக்குறைய அப்படியே. ஒன்று மட்டும் உடனே மாற்றச் சொன்னேன். நிரலுக்கான எழுத்துருக்களில் தமிழ் இருக்காது, எடிட்டர் கைக்குக் கிடைத்ததைப் போடும். அமைப்பில் அந்த எழுத்துருவின் பெயருக்குப் பின்னால் கமா போட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சேர்க்க வேண்டும். வரி உயரத்தையும் கூட்ட வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும், இகரமா ஈகாரமா என்று தெரியாமல் திருத்துவோம். எழுத்தளவு 16-க்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்துக்கு 13 போதும் என்பவர்கள் தமிழ் வாசித்துத் திருத்தியவர்கள் அல்லர்.

பக்கத்துக்குள் என்ன எழுத வேண்டும் என்பதை வேகமாகவே சொல்லிவிட்டேன். தொடக்கத்திலேயே மொழி தமிழ் என்று அறிவித்துவிடு. குறியாக்க வரி முதல் 1,024 பைட்டுக்குள் வரட்டும், அதற்கு மேலே போனால் உலாவி அதைத் தேடும் கடமை இல்லை. எழுத்திடைவெளியைத் தமிழில் தொடாதே, சொல் சிதறும்.

பிறகு சௌக்கியத்துக்கு வந்தோம். கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்று என்று அவளே கட்டளை கொடுத்தாள். எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அழுத்தினாள். 412 இடம் மாறியது. சௌக்கியம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் கடிதத்தின் மேலே இருந்த வெள்ளிக்கிழமை, புள்ளி நிற்க இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கியது. வெளியூர் போயிற்று. தெளிவு போயிற்று. பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"பயப்படாதே, பின்வாங்கு. எடிட்டர் எதுக்கு இருக்கு?" என்றேன். ஒரு விசையில் 412-உம் பழையபடி.

வெள்ளியில் ள-வுக்குப் பின் புள்ளி. வெளியில் இகரம். உண்மையான ள-வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறி வரும். ஔகாரத்துக்காக நின்ற ள-வின் பின் எந்தக் குறியும் வராது. ஆகவே, கொம்பு, ள, அடுத்துக் குறி எதுவும் இல்லாத இடம் என்று வடிவத் தேடலில் எழுதினோம். 412 இடம் 67 ஆனது. இப்போது எல்லாவற்றையும் மாற்றலாமா என்றாள். வேண்டாம், ஒவ்வொன்றாகப் போ என்றேன். நான் சொன்னதன் காரணம் நாலாவது இடத்திலேயே தெரிந்தது. ஊரிலிருந்து எழுதியவர் பேசுகிறபடியே எழுதியிருந்தார்: 'நேத்துத்தான் கெளம்பிப் போனான்'. இன்னொரு இடத்தில் 'வெளக்கு வைக்கிற நேரம்'. கிளம்பியும் விளக்கும் அவர் வாயில் அப்படித்தான். இங்கே ள உண்மையான ள, எந்த வாய்பாடும் இதைப் பிரித்துச் சொல்லாது. தமிழ் படித்த கண் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, இது மாறட்டும், இது இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். எடிட்டர் அதற்கு இடம் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று, முன்வரியும் பின்வரியும் காட்டி, கேட்டுக் கேட்டு நகர வேண்டும்.

67-இல் 14 கெளம்பியும் வெளக்குமாக அப்படியே நின்றன. 53 மாறின. அவற்றில் ஆறேழு மௌனம், பௌர்ணமி, கௌரவம். மற்றவை சௌக்கியம். பாதி வழியில் அவள் மாற்றுவதை நிறுத்திவிட்டுப் படிக்கத் தொடங்கிவிட்டாள். மாடு கன்று போட்டது, மழை பொய்த்தது, தங்கைக்கு வரன் வந்தது. தே ஹாலியா ஆறிப்போயிற்று. கடற்பாலத்துக்குப் போகும் பேருந்துகள் வெளியே நெருக்கிக்கொண்டு நின்றன. நாங்கள் எழுந்தபோது மணி ஒன்பது.

அன்றிரவு என் சோதனைக் கோப்பில் 17-ஆவது வரி சேர்ந்தது: 'சௌக்கியமாகக் கெளம்பி வந்து சேர்ந்தோம்'. ஔகாரமும் உண்மையான ள-வும் ஒரே வரியில். நீங்களும் எடிட்டர் தேடிக்கொண்டிருந்தால் இந்த வரியைத் தட்டிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பழைய கடிதம் ஒன்றையும் ஒட்டித் தேடிப் பாருங்கள். அவளுடைய பக்கத்தில் இப்போது 'சௌக்கிய' என்று தேடினால் 84 இடம் வருகிறது.